டெம்பர் கிளாஸ் ஒட்டலாமா, வேண்டாமா?

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் இந்தத் தலைப்பை அறிவித்ததும் சிலர் சிரித்தார்கள். "ஏன் அண்ணாச்சி, வாறுகால், தெருவிளக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சா?" என்று ஒருவர் கேட்டார். முடியவில்லை. அது மனுவாகப் போயிருக்கிறது, பதில் வரட்டும். ஆனால் இன்றைக்கு நம் தெருவில் பால் கணக்கு, கேஸ் புக்கிங், பென்ஷன், துபாயில் இருக்கும் பேரன் முகம் எல்லாமே ஆறரை அங்குலக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. அந்தக் கண்ணாடி உடைந்தால் ஒரு வீட்டின் அன்றாட வேலை நின்றுபோகிறது. அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

நமக்கு உறை போடுகிற பழக்கம் இருக்கிறது. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, பாஸ்புக்குக்குப் பிளாஸ்டிக் உறை, வண்டி சீட்டுக்கு மேல் இன்னொரு சீட். வங்கியில் கவுண்டரில் இருந்த காலத்தில், உறைக்குள்ளேயே ஒட்டிப்போய் வெளியே எடுக்க முடியாத பாஸ்புக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான், புதுப் போன் வாங்கும்போது கடைத்தம்பி "டெம்பரும் பவுச்சும் போட்டுரட்டுமா?" என்றதும் விலைகூடக் கேட்காமல் தலையாட்டி விடுகிறோம். 50 ரூபாய்க்கும் இருக்கிறது, 1,000 ரூபாய்க்கும் இருக்கிறது. வித்தியாசம் என்ன என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு டெம்பர் ஒட்டுவது நல்லது. ஆனால் கடையில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. விலை கூடியது வேண்டியதும் இல்லை.

முதலில் போனோடு வரும் கண்ணாடியைப் பார்ப்போம். 2007-ல் ஆப்பிள் கம்பெனி முதல் ஐபோனைக் கொண்டுவந்தபோது, திரைக்குக் கீறல் விழாத பலமான கண்ணாடி தேவைப்பட்டது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960-களில் அப்படி ஒரு கண்ணாடியைச் செய்துவிட்டு, போதிய வாடிக்கை கிடைக்காமல் ஓரங்கட்டி வைத்திருந்தது. அந்த வழியில் வந்ததுதான் கொரில்லா கிளாஸ். கண்ணாடியைச் செய்த பிறகு, சுமார் 400 டிகிரி சூட்டில் உருக்கிய பொட்டாசியம் உப்புக்குள் முக்கி வைக்கிறார்கள். அது பொட்டாசியம் நைட்ரேட். பெயர் புதிதாக இருக்கலாம், சரக்கு நமக்குப் பழக்கமானது: சிவகாசிக்காரர்கள் வெடியுப்பு என்பார்களே, அதேதான்.

உள்ளே என்ன நடக்கிறது? கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கிற சின்னச் சோடியம் அணுக்கள் வெளியே வருகின்றன. அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அணுக்கள் போய் உட்காருகின்றன. கோவில்பட்டி பஸ்ஸில் மூன்று பிள்ளைகள் எழுந்த சீட்டில் மூன்று கனத்த ஆட்கள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? இடையில் விரல் நுழையாது. கண்ணாடி உடைய வேண்டுமானால் முதலில் மேற்பரப்பு பிளந்து விலக வேண்டும். இப்படி நெருக்கி உட்கார்ந்திருப்பதால் லேசில் விலகாது. போன் கண்ணாடியின் பலம் இவ்வளவுதான். கடையில் வாங்கும் நல்ல டெம்பர் கிளாஸும் இதே முறையில் பலப்படுத்தியதுதான், கனம் மட்டும் குறைவு. பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர் சுற்று வட்டாரம்.

ஆனால் இந்த நெருக்கம் எவ்வளவு ஆழம் என்று பார்த்தால், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம்தான். கீறல் அதைத் தாண்டி இறங்கிவிட்டால் அந்த இடத்தில் காவல் கிடையாது. ஜவுளிக்கடையில் துணியைக் கையால் கிழிப்பதற்கு முன் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த வெட்டு இல்லாமல் இழுத்தால் துணி கிழியாது. கண்ணாடியும் அப்படித்தான். அது தன் பலத்துக்கு மிகக் குறைந்த அடியிலேயே உடைவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் என்று கிரிஃபித் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1920-லேயே எழுதிவிட்டார். "நாலு தடவை கீழ விழுந்தப்ப ஒண்ணும் ஆகலையே, இப்ப மேசையில இருந்து விழுந்ததுக்கே போச்சே" என்று புலம்புகிறோம் அல்லவா? அந்த நாலு தடவையிலும் பையிலும் சேர்ந்த கீறல்தான் ஐந்தாவது தடவை வேலை செய்திருக்கும்.

அப்படியானால் போன் கண்ணாடியைக் கீறுவது எது? சாவி என்றுதான் பலரும் நினைக்கிறோம். சாவியும் சில்லறைக் காசும் பெரும்பாலும் கண்ணாடியைவிட மென்மையானவை. 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானிய கனிமவியல் அறிஞர் ஒரு வரிசை போட்டார். எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை. மாவுக்கல் 1, வைரம் 10. போன் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. அதாவது உங்கள் போனுக்கு எதிரி சட்டைப்பையின் அடியில் கிடக்கும் ஒரு மணல் பொடி.

நம் ஊர் கரிசல் பூமி, அதனால் தப்பினோம் என்று ஒரு தம்பி சொன்னார். பாதி சரி. சுத்தமான கரிசல் களிமண் மென்மையானது, அது கண்ணாடியைக் கீறாது. ஆனால் எந்த மண்ணிலும் கொஞ்சம் மணல் கலந்துதான் இருக்கும். அதோடு இப்போது எந்தத் தெருவில்தான் கட்டட வேலை நடக்கவில்லை? எம்-சாண்ட் என்பது மலைப்பாறையை உடைத்த தூள். அதில் 6-ம் உண்டு, 7-ம் உண்டு. ஆடிக் காற்றில் அது வீட்டு ஊஞ்சல் வரைக்கும் வந்துவிடுகிறது. கொத்தனார், சித்தாள், நூறு நாள் வேலையில் ஆட்களைப் படமெடுத்துப் போனில் ஏற்றுகிற தங்கச்சிமார், வயல்காட்டில் பம்ப்செட்டைப் போனால் இயக்குகிறவர்கள், இவர்கள் போன் எல்லாம் தினமும் மணல் காகிதத்தோடு குடும்பம் நடத்துகிறது.

இன்னொன்று, பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சமையலறையில் போனை வைப்பவர்களுக்கும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பெட்டியின் பக்கவாட்டில் உரசுகிற பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸோடு கண்ணாடித் தூளும் சேர்க்கிறார்கள். போனையும் தீப்பெட்டியையும் ஒரே பையில் போடாதீர்கள்.

ஆக டெம்பரின் முதல் வேலை, அந்தக் கீறலைத் தான் வாங்கிக்கொள்வது. போன் கண்ணாடி புதிதாகவே இருக்கும், கீறிப்போன டெம்பரை உரித்துப் போட்டுவிட்டு வேறு ஒட்டலாம்.

இனி அட்டையில் போட்டிருக்கும் எண்களைப் பார்ப்போம். "9ஹெச்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சில கடைக்காரர்களே "வைரம் 10 சார், இது 9" என்கிறார்கள். இது சுத்தமாகத் தவறு. அந்த 9ஹெச் பென்சில் கணக்கு. பள்ளிக்கூடத்தில் ஹெச்பி பென்சில் வைத்திருந்தோம், வரைபட வகுப்புக்கு 2ஹெச், 4ஹெச் வாங்குவோம். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9ஹெச். பெயிண்ட் பூச்சு எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காக வந்த சோதனை அது. பென்சிலால் கீறினால் கீறல் விழவில்லை என்பதுதான் 9ஹெச்சுக்கு அர்த்தம். உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியைப் பென்சிலால் கீறிப் பாருங்கள், அதுவும் தேறிவிடும். "9டி", "11டி", "21டி" என்று அட்டையில் ஏறிக்கொண்டே போகிறதே, அதற்கு எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. ஓரம் வரைக்கும் கறுப்புக் கரையோடு மூடும் என்று சொல்ல வருகிறார்கள், அவ்வளவுதான். எண் கூடினால் விலை கூடும், வேறொன்றும் கூடாது.

இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெரியவர் கேட்டார். இதுவரை பெரும்பாலும் வெளிநாட்டு இறக்குமதி. 2025 ஆகஸ்ட் 30-ம் தேதி நொய்டாவில் ஒரு தொழிற்சாலையை மத்திய அமைச்சர் திறந்து வைத்தார். போனுக்கான டெம்பர் கிளாஸ் செய்யும் நாட்டின் முதல் தொழிற்சாலை என்று அறிவித்தார்கள். அதே ஆப்டிமஸ் நிறுவனமும் கார்னிங்கும் சேர்ந்து, போனோடு வரும் கண்ணாடிக்காக நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்தில் 1,003 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைப்பதாக 2024-ல் அறிவிப்பு வந்தது. போனைப் பூட்டுகிற வேலை எப்போதோ தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது, கண்ணாடி இப்போதுதான் வருகிறது.

சரி, கீழே விழுந்தால் காப்பாற்றுமா? "டெம்பர் நொறுங்கிப்போச்சு, போன் தப்பிச்சிருச்சு, அது இல்லாட்டி டிஸ்பிளே போயிருக்கும்" என்று எல்லோரும் சொல்கிறோம். கணக்குப் பார்த்துப் பழகிய எனக்கு இந்தச் சாட்சியத்தில் ஒரு சந்தேகம் உண்டு. டெம்பர் போனின் கண்ணாடியைவிட மெல்லிசு. அதன் ஓரம் வெட்டிய ஓரம். லேசான அடிக்கே அது உடையும். போன் கண்ணாடி அந்த அடியைச் சும்மாவே தாங்கியிருக்கக்கூடும். டெம்பர் உடைந்தது என்பதற்காக அதுதான் போனைக் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது. கல்லின் முனை நேராகத் திரையில் குத்தினால் டெம்பர் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் போன் பெரும்பாலும் மூலையில்தான் விழுகிறது. அங்கே கைகொடுப்பது பவுச். திரை மட்டத்தைவிட விளிம்பு ஒரு நூல் உயர்ந்திருக்கும் ரப்பர் பவுச் எதுவோ அது. கையில் 200 ரூபாய்தான் இருக்கிறது, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பவுச் வாங்குங்கள்.

இப்போது பற்று வரவு. ஒரு டெம்பர் 150 ரூபாய், வருஷத்துக்கு இரண்டு, போனின் ஆயுள் மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 900 ரூபாய். டிஸ்பிளே மாற்ற 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 900 என்பது அதில் 22.5 சதவீதம். இது பிரீமியம் மாதிரி. மூன்று வருஷத்தில் டிஸ்பிளே உடையும் வாய்ப்பை டெம்பர் நூற்றுக்கு இருபத்திரண்டரையாவது குறைத்தால்தான் கட்டுபடியாகும். நாள் முழுக்க வெளியே அலைகிறவருக்கும், குழந்தை கையில் போனைக் கொடுக்கிற வீட்டுக்கும் கட்டுபடியாகலாம். போன் பூஜை அறை அலமாரியை விட்டு இறங்காத வீட்டில் ஆகாது. அதே சமயம் டிஸ்பிளே 25,000 ரூபாய் ஆகும் போன் என்றால் பிரீமியம் 3.6 சதவீதம்தான், கண்ணை மூடிக்கொண்டு ஒட்டலாம். ஒரு டெம்பரை இரண்டு வருஷம் வைத்துக்கொள்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் சாதகமாகும். உங்கள் போனுக்கு டிஸ்பிளே என்ன விலை என்று ஒரு தடவை கடையில் விசாரித்து, இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பேரேட்டில் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. என்னைப் போன்ற வங்கிக்காரனுக்குப் பயமே அதுதான். திரை உடைந்தால் போனை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும். நம் ஊரில் பாகம் இல்லையென்றால் சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ போகும், இரண்டு மூன்று நாள் அங்கேயே கிடக்கும். அதற்குள் உங்கள் யுபிஐ, வங்கிச் செயலி, ஆதார் நகல், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கும். டச் வேலை செய்யாததால் எதையும் மூடிவிட்டுக் கொடுக்கவும் முடியாது. "டெஸ்ட் பண்ணணும், லாக் சொல்லுங்க" என்பார்கள், சொல்லிவிடுவோம். கடைக்காரர் எல்லோரையும் குறை சொல்லவில்லை, பெரும்பாலானவர்கள் நாணயமானவர்கள். ஆனாலும் பெட்டகச் சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டு வர மாட்டோம் இல்லையா?

அதனால் ரிப்பேருக்குக் கொடுக்க நேர்ந்தால், முதலில் சிம்மைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போன் செய்து யுபிஐயையும் மொபைல் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். யுபிஐ பின் நம்பர் எந்த ரிப்பேருக்கும் தேவைப்படாது, கேட்டால் போனை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். சாம்சங் போன் சிலவற்றில் பராமரிப்பு முறை என்று ஒன்று உண்டு. டச் வேலை செய்கிற நிலையில் அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் படமும் கணக்கும் அவர்களுக்குத் தெரியாது. பணம் போனதாகத் தெரிந்தால் உடனே 1930.

பூட்டு என்றதும் 2019 அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சாம்சங் கேலக்ஸி எஸ்10 போனில் திரைக்குள்ளேயே கைரேகை வைக்கும் வசதி இருந்தது. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி விலை மலிவான சிலிகான் உறை ஒன்றைப் போட்டார். அதற்குப் பிறகு அவருடைய கணவர் விரல் வைத்தாலும் போன் திறந்தது! உறையில் இருந்த வரிவடிவத்தையே கைரேகை என்று போன் எடுத்துக்கொண்டிருக்கிறது. தென்கொரியாவில் காகாவோ பேங்க் என்ற இணைய வங்கி, சரிசெய்யும் வரை கைரேகையை நிறுத்தி வையுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு விட்டது. சாம்சங் தவறை ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தி அனுப்பியது.

அது சரிசெய்யப்பட்ட பழைய விஷயம்தான். இருந்தாலும் திரைக்குள் கைரேகை இருக்கும் போன் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். புது டெம்பர் ஒட்டியதும் பழைய ரேகையை அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள். பிறகு வீட்டில் உள்ளவர் விரலை வைக்கச் சொல்லுங்கள். திறக்கக் கூடாது. திறந்தால் அந்த டெம்பரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். உங்கள் விரலுக்கே பத்துத் தடவையில் ஆறு தடவை திறக்கவில்லை என்றாலும் அது உங்கள் போனுக்கு ஒத்துவராத டெம்பர்தான். அப்படித் திறக்காததனால் பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். 150 ரூபாய்க் கண்ணாடிக்காகக் கதவைத் திறந்து போட்ட மாதிரி இருக்கிறது.

வளைந்த திரைக்கு ஊதாக்கதிர் விளக்குக் காட்டி ஒட்டும் பசை டெம்பர் இருக்கிறது. பசை வழிந்து ஸ்பீக்கர் ஓட்டையிலும் பட்டனிலும் இறங்கிவிடலாம். பழக்கமான கை இல்லாவிட்டால் அந்த வேலையே வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் படலம் போதும். பிரைவசி கிளாஸ் என்று கறுப்பாக ஒன்று விற்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரருக்குத் திரை தெரியாது, பஸ்ஸில் பின் நம்பர் போடும்போது நல்லதுதான். ஆனால் நேர் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். நம் வயதுக்காரர்களுக்கு எழுத்து மங்கலாகவும் தெரியும். "நீல ஒளியைத் தடுக்கும், கண்ணுக்கு நல்லது" என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள். நீல ஒளி தடுக்கும் மூக்குக்கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2023-ல் தொகுத்துப் பார்த்தது. கண் சோர்வு அதனால் குறைவதாகத் தெரியவில்லை. போனை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்ட மறப்பதுதான் எரிச்சலுக்குப் பெரிய காரணம். சிமிட்டுவதற்குக் காசு கிடையாது.

ஒட்டும்போது தூசிதான் பிரச்சினை. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில், பஸ் கிளம்பும் புழுதியில் நின்று ஒட்டிக்கொள்ளாதீர்கள். கடைக்குள் போய் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத்துணி, பிறகு உலர் துணி, பிறகு தூசி எடுக்கும் ஸ்டிக்கர் மூன்றும் போடச் சொல்லுங்கள். சின்னக் காற்றுக் குமிழி தானே போய்விடும், தூசி போகாது. பழசை உரிக்க ஒரு மூலையில் மெதுவாகத் தூக்க வேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டு அதற்கு ரொம்ப வசதி. வெட்டிப் போடச் சொல்லித்தான் வங்கியில் சொல்வோம், வெட்டிய பாதி போதும்.

உடைந்த டெம்பரோடு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். சில்லு விரலில் ஏறும், பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்கள். முன்பக்கக் கேமராவுக்கு மேல் விரிசல் இருந்தால் இன்னொரு தொல்லை. நவம்பரில் நம்மில் பலர் உயிர்வாழ் சான்றை இப்போது முகம் காட்டிப் போனிலேயே கொடுக்கிறோம். விரிசல் வழியாக முகம் தெளிவாக விழாது. அக்டோபர் கடைசியில் அதை மாற்றிவிடுங்கள். மாற்ற வழியில்லாதவர்கள் நவம்பர் முதல் வாரத்தில் சங்க அலுவலகத்துக்கு வந்தால், என் போனிலேயே முகம் காட்டிக் கொடுத்துவிடலாம். ஆதார் எண்ணும் பென்ஷன் ஆர்டர் எண்ணும் கொண்டுவாருங்கள்.

பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்து ஒரு ஆச்சி தன் பட்டன் போனைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு என்ன ஒட்டணும்?" என்று கேட்டார். அதன் முகப்பு பிளாஸ்டிக், உடையாது. கீறினாலும் நம்பர் தெரிந்தால் போதும். ஒன்றும் ஒட்ட வேண்டாம் ஆச்சி.